மழை நனைந்த பாசி

போன மாதம் ஒரு போன் வந்தது. நான் ஆராய்ச்சி செய்த அதே ஆய்வகத்தில் இப்போது மூன்றாம் ஆண்டு முனைவர் பட்ட மாணவியாக இருக்கும் ஒரு தங்கை. சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில்தான் கேட்க வந்ததைக் கேட்டாள். “அக்கா, கம்பெனிக்குப் போயிட்டா திரும்பி வரவே முடியாதா?”

லாரி வந்து நின்ற நேரம் அது. பத்து நிமிடம் ஏதோ சொன்னேன். இரவில் படுத்த பிறகு, அவளுக்குச் சொன்னது பாதிகூட இல்லை என்று உறுத்திக்கொண்டே இருந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அவளைப் போல இன்னும் பலர் இருப்பார்கள்.

எங்கள் ஊர் மண்டபத்துக்கு மேற்கே, தென்கடல் ஓரம். மன்னார் வளைகுடாவை நாங்கள் தென்கடல் என்போம், பாக் விரிகுடாப் பக்கத்தை வடகடல் என்போம். அப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். என் சின்னம்மா பாசி எடுக்கப் போவார். விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு தீவுப் பக்கம் போய், பார் எனும் கடலடிப் பாறைத் திட்டின் மேல் முங்கி முங்கிப் பறித்து வருவார். கரையில் குவிந்து கிடக்கும் பாசியை வைத்துத்தான் எனக்கு முதன்முதலில் வகை பிரிக்கத் தெரிந்தது. மரிக்கொழுந்து தனி, கஞ்சிப்பாசி தனி, கட்டக்கோரை தனி, பக்கோடாப் பாசி தனி. பல வருடம் கழித்துப் புத்தகத்தில் ஜெலிடியெல்லா, கிராசிலேரியா, சர்காசம், டர்பினேரியா என்று படித்தபோது, பழைய சிநேகிதிகளுக்கு வேறு பெயர் வைத்துக் கூப்பிடுவதுபோல இருந்தது.

அறிவியல் எங்களுக்குத் தூரத்து விஷயம் இல்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமே 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. இப்போதும் அதன் மண்டல மையம் இங்கே உண்டு. பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆராய்ச்சி நிலையமும் மண்டபத்தில்தான். அந்தக் காம்பவுண்டுக்குள் வெள்ளைக் கோட்டோடு நடப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். வேறு எதுவாகவும் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

2015-இல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். அன்றைக்கு ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். தலைப்பு, மரிக்கொழுந்துப் பாசியில் இருந்து எடுக்கும் அகார். நோன்புக் காலத்தில் கீழக்கரைப் பக்கம் பால் ஊற்றிக் காய்ச்சித் துண்டு துண்டாக வெட்டித் தருவார்களே, அந்தக் கடப்பாசிதான். நுண்ணுயிரியலுக்கும் அது சமையலறையில் இருந்துதான் வந்தது. 1881 வாக்கில் ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸெயின் மனைவி ஃபேனி, ஜாம் செய்யத் தான் பயன்படுத்திய அகாரைப் பாக்டீரியா வளர்க்கவும் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். அதுவரை ஜெலட்டினில் வளர்த்தார்கள். 37 டிகிரி சூட்டில் அது இளகிவிடும். அகார் அப்படி இல்லை. உருக வேண்டுமானால் 85 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும். உருகிவிட்டால் 40-க்குக் கீழே ஆறினால்தான் உறையும். இந்த ஒரு குணத்தின் மேல்தான் உலகத்தின் எல்லாப் பெட்ரி தட்டும் நிற்கிறது. டி.என்.ஏ.வை ஓட்டிப் பார்க்கும் அகரோஸ் ஜெல்லும் இந்தக் குடும்பம்தான். எம்.எஸ்ஸி. முதல் வருடம் அந்த ஜெல்லை ஊற்றிய அன்று இதைத் தெரிந்துகொண்டேன். சின்னம்மாவின் விரல் துணி சட்டென்று நினைவுக்கு வந்தது. ஆராய்ச்சிக்கு வந்தது அந்த நாளால்தான்.

ஆய்வு நன்றாகவே போனது. பிப்ரவரி, மார்ச்சில் ஒரே பாரில் இருந்து நானே போய்ப் பாசி எடுத்து வருவேன். கழுவி, நிழலில் உலர்த்தி, காரத்தில் பதப்படுத்தி, காய்ச்சி, வடிகட்டி, உறைய வைத்து, ஜெல்லின் உறுதியை அளப்பேன். காரத்தில் பதப்படுத்தினால் சல்பேட் குறையும், அகார் மூலக்கூறின் நீண்ட சங்கிலி ஒழுங்காகும், ஜெல் கெட்டியாகும். அதை விதவிதமான நிலைகளில் காட்டினேன். கட்டுரைகள் வந்தன.

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடம் நவம்பரில் எடுத்த மாதிரி ஒன்று இருந்தது. அதன் ஜெல் விரல் பட்டாலே பிளந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே. மழைக்காலம், சரியாக உலரவில்லை என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டேன். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது நியாயமான பதில்தான். என் கேள்வி காரப் பதப்படுத்தலைப் பற்றியது, மழையைப் பற்றியது இல்லை.

2020-இல் ஆய்வேட்டைக் கொடுத்தேன். அப்புறம் இரண்டு வருடம் ப்ராஜெக்ட் வேலை. ஒரு ப்ராஜெக்டில் ஏழு மாதம் சம்பளம் வரவில்லை. வந்தபோது மொத்தமாக வந்தது, ஆனால் அந்த ஏழு மாதமும் அப்பாவிடம் பஸ் செலவுக்குக் கை நீட்டிய முப்பது வயதுப் பெண்ணாக இருந்தேன். கௌரவ விரிவுரையாளர் பணிக்கு இரண்டு முறை போனேன், கிடைக்கவில்லை. நிரந்தர இடங்களுக்கான அறிவிப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களின் வரிசையில் எனக்கு முன்னால் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் நின்றார்கள். அவர்கள் யாரும் திறமை குறைந்தவர்கள் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

2022-இல் பாசியில் இருந்து அகாரும், பயிருக்கான திரவ ஊக்கியும் செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆலை மதுரைப் பக்கம். சரக்கு வந்து சேரும் கிடங்கும் தர ஆய்வுக் கூடமும் வேதாளைப் பக்கம். வீட்டில் இருந்து போய் வரலாம். அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. “புரொபசர் ஆகப்போறான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருந்தேனே” என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, “சரக்கு வாங்குற எடத்துல ஒக்காருறவன் கண்ணு தராசுல இருக்கணும், கை சரக்குல இருக்கணும்” என்றார். வாழ்த்து அது. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

முதல் ஆறு மாதம் கஷ்டமாக இருந்தது. வேலை தெரியாததால் வந்த கஷ்டம் இல்லை அது, எதைச் சரி என்று சொல்வது என்பதே மாறிப்போனதால் வந்தது. ஆய்வகத்தில் ஒரு சோதனையில் ஜெல் மிக உறுதியாக வந்தால் அது கொண்டாட்டம். இங்கே ஒரு பேட்ச் மற்றதைவிட ரொம்ப நன்றாக வந்தாலும் விசாரணை வைப்பார்கள். மருத்துவமனை ஆய்வகத்தில் அந்தப் பொடியைக் கரைத்துத் தட்டில் ஊற்றுகிறவர் போன வருடம் எத்தனை கிராம் போட்டாரோ அதே கிராம்தான் போடுவார். தட்டு அதே போல உறைய வேண்டும், கலங்கக் கூடாது, பாக்டீரியா அதே போல வளர வேண்டும். அவருக்கு என் பெயர் தெரியாது, பாசி எங்கே இருந்து வருகிறது என்றும் தெரியாது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதுதான் என் வேலை என்று புரியவே நாளானது.

நோட்டுப் புத்தகமும் மாறியது. எழுதியதைத் திருத்த வேண்டுமானால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி. கீழே இருந்த பழைய எண் வாசிக்கத் தெரிய வேண்டும். முதலில் இது சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது. இப்போது, என் ஆராய்ச்சி நாட்களிலேயே இப்படி எழுதியிருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது.

அப்புறம் தண்ணீர். ஆய்வகத்தில் வாலை வடி நீர் குழாயைத் திறந்தால் வந்தது. பாசியை ஐந்து முறை கழுவினேன், ஏழு முறை கழுவினேன், எழுதும்போது “நன்கு கழுவி” என்று இரண்டு சொல். இந்த மாவட்டத்தில் குடிக்கவே காவிரித் தண்ணீர் குழாயில் வர வேண்டும். பாதி ஊர்களில் நிலத்தடி நீர் உவர். உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் கழுவ வேண்டுமென்றால் லாரி வர வேண்டும். ஒரு கிலோ அகாருக்கு எத்தனை கிலோ காய்ந்த பாசி, எத்தனை குடம் தண்ணீர், எவ்வளவு எரிபொருள் என்று முதலாளி கேட்ட அன்று என்னிடம் பதில் இல்லை. ஐந்து வருடம் அகாரோடே வாழ்ந்தும் அந்தக் கணக்கை நான் ஒரு முறைகூடப் போட்டதில்லை. அன்று இரவு உட்கார்ந்து போட்டேன். கழுவும் முறையை மாற்றினால், கடைசிக் கழுவலின் தண்ணீரை அடுத்த லாட்டின் முதல் கழுவலுக்கு எடுத்தால், எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தது. அது எந்த இதழிலும் வராது. ஆனால் அந்த வாரம் எனக்கு இருந்த சந்தோஷம் முதல் கட்டுரை வந்தபோது இருந்ததற்குக் குறைந்தது இல்லை.

சரி, நவம்பருக்கு வருகிறேன்.

சேர்ந்த வருடமே, வடகிழக்குப் பருவமழை தொடங்கி மூன்றாவது வாரத்தில், வரிசையாக நான்கு லாட் விழுந்தது. ஜெல் உறுதி பாதிக்கும் கீழே. ஈரப்பதம் பார்த்தேன், வரம்புக்குள் இருந்தது. மணல், சாம்பல் எல்லாம் சரி. காரத்தின் வலுவைச் சோதித்தேன். கருவியை மறுபடி அளவு சரிபார்த்தேன். எல்லாம் சரி, ஜெல் மட்டும் பிளக்கிறது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ஆய்வேட்டை எடுத்துப் புரட்டினேன். என் கையால் ஒதுக்கிய மாதிரி அங்கே ஒற்றை வரியாக இருந்தது.

அன்று சாயங்காலம் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். நல்ல லாட், கெட்ட லாட் இரண்டில் இருந்தும் ஒவ்வொரு பிடி கொண்டுபோனேன். எது எது என்று சொல்லவில்லை. அவர் இரண்டையும் பார்த்தார், நொறுக்கினார், மூக்குக்குக் கொண்டுபோனார்.

“இது மழை நனைஞ்ச பாசி. காஞ்சதுக்கு அப்புறம் நனைஞ்சு, மறுபடி காயப் போட்டிருக்காக. மோந்து பாரு தாயி, கடல் வாசம் இல்ல, ஈரத் துணி வாசம்.”

எனக்கு அந்த வாசம் முதலில் பிடிபடவில்லை. மூன்றாவது தடவைதான் தெரிந்தது.

வேதியியல் அதற்குப் பிறகு சுலபம். உயிரோடு இருக்கும் பாசியிலும் கடல் நீரிலும் அகாரைத் தின்னும் பாக்டீரியா உண்டு. அவை அகாரேஸ் என்ற நொதியை விட்டு நீண்ட சங்கிலியை வெட்டும். நன்றாகக் காய்ந்த பாசியில் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. உப்பு கழுவிப் போகும்படி மழை பெய்து, இரண்டு நாள் குவியலாகக் கிடந்தால் போதும். மறுபடி காய வைத்தால் ஈரப்பதம் சரியாகக் காட்டும். வெட்டுப்பட்ட சங்கிலி ஒட்டாது. என் ஈரமானி இன்றைய ஈரத்தைத்தான் சொல்லும், போன வாரம் நனைந்ததைச் சொல்லாது. சின்னம்மாவின் மூக்கு சொன்னது.

இதை நிறுவனத்தில் எடுத்துச் சொன்னபோது முதல் யோசனை, மழைக்காலச் சரக்கை வாங்காமல் நிறுத்துவது. எனக்கு அது பொறுக்கவில்லை. இந்தப் பெண்கள் ஏற்கனவே தாங்களாக ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதம் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது. மீன்பிடித் தடைக் காலத்தில் எடுப்பதில்லை. பாசி மறுபடி வளர வேண்டும் என்பதற்காகச் செய்கிறார்கள். இந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கியதற்காகவும் உரிமைப் போராட்டத்துக்காகவும் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது. இன்னொரு பக்கம், 1986-இல் 21 தீவுகளைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, தீவை ஒட்டிப் போகவே அவர்களுக்கு வனத்துறையோடு இழுபறி. பன்னிரண்டு நாளில் மழை நான்கு நாளைத் தின்றால், மீதி எட்டு நாள் சரக்கையும் வாங்க மாட்டோம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டு வாரம் கணக்குப் போட்டு ஒரு தாள் கொண்டுபோனேன். கரையில் உயரப் பரண் அமைத்து வலை விரித்துக் காயப்போடுவது, மேலே தார்ப்பாய், நனையாத சரக்குக்குத் தனி விலை. விழுந்த நான்கு லாட்டின் நஷ்டத்தையும் பரண் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று கரையில் மட்டும் செய்து பார்க்கலாம் என்றார்கள். தனி விலை நான் கேட்டதைவிடக் குறைவு. மூன்று கரையிலும் சரக்கு நிமிர்ந்தது. மற்ற கரைகளுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த விவரத்தைக் கட்டுரையாக எழுத எனக்கு அனுமதி இல்லை. தங்கைக்கு இதை மறைக்கக் கூடாது. மூன்று பருவம் எடுத்த அளவுகள் கையில் இருக்கின்றன, நல்ல இதழில் வரக்கூடியவை, அவை நிறுவனத்தின் அலமாரியில் இருக்கும். சில இரவு அது வலிக்கிறது. உலர்த்தும் முறையைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக அச்சிட்டுக் கரையில் கொடுக்க மட்டும் கேட்டு வாங்கினேன். அதில் என் பெயர் இல்லை. சின்னம்மா அதைப் பார்த்துவிட்டு, “இதத்தானே நாங்க சொல்லிக்கிட்டிருக்கோம்” என்றார். ஆமாம், அதைத்தான்.

வடகடல் பக்கத்து வேலை வேறு மாதிரி. அங்கே கப்பாஃபைக்கஸ் வளர்ப்பு. 1980-களில் நாட்டுக்குள் வந்து, மண்டபத்தில் வளர்த்துப் பார்த்து, 2000-ஆம் ஆண்டு வாக்கில் பெப்சிகோ ஒப்பந்தம் போட்டு வளர்க்கவைத்த பாசி. கரையில் இன்றைக்கும் பெப்சி பாசி என்பார்கள். மூன்று மீட்டர் சதுர மூங்கில் மிதவை, அதில் அறுபது கிலோ விதைப்பாசி, நாற்பத்தைந்து நாள். அடியில் வலை கட்டாவிட்டால் ஒரா மீன் மேய்ந்துவிடும். பச்சையாக அரைத்துப் பிழிந்தால் வரும் சாறு பயிர் ஊக்கி, மிஞ்சும் சக்கையில் கராஜீனன், உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருள். ஒரே பாசியில் இரண்டும் எடுக்கும் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கியது மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கும் அதே பாவ்நகர் நிறுவனம்தான். 2021-இல் மத்திய அரசு இதுபோன்ற உயிரூக்கிகளை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்த பிறகு, வயல் சோதனை, நச்சுத்தன்மை, கன உலோக அளவு என்று எல்லாவற்றுக்கும் தரவு கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். முதுகுளத்தூர்ப் பக்கம் முண்டு மிளகாய் வயலில் அடித்துப் பார்த்து, அடிக்காத பாத்தியையும் அதே அக்கறையோடு எண்ணும்போது, நான் ஆராய்ச்சியை விட்டு வந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆனால் இந்தப் பாசி பற்றி எனக்குள் ஒரு கவலை உண்டு. அது இந்தக் கடலின் பாசி இல்லை. குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் படர்ந்துவிட்டதை 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. துண்டு துண்டாக நட்டே பெருக்குவதால் எல்லாம் ஒரே வம்சம். கடல் சூடேறினால் நுனி வெளுத்து உடைந்து மொத்தமாக விழும். நிறுவனத்துக்குள் இருந்துகொண்டே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் சொல்கிறேன். மிதவை அறுந்து போனால் தேடி எடுத்ததைப் பதிவேட்டில் எழுத வைத்திருக்கிறேன். அது போதுமா என்றால், போதாது.

திரும்பி வர முடியுமா என்ற கேள்விக்கு நேரான பதில், கஷ்டம். கட்டுரை இல்லாத இடைவெளியை நேர்காணலில் கேட்பார்கள். தேசிய போஸ்ட் டாக்டரல் ஃபெல்லோஷிப்புக்கு 35 வயது வரம்பு, பெண்களுக்கு ஐந்து வருடம் தளர்வு, அதுவும் ஓடிப்போகும். நானாகத் தொழில் தொடங்குகிறேன் என்றால் உயிரித் தொழில்நுட்பத் தொழில்களுக்கு உதவும் மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் பிக் திட்டம் 18 மாதத்துக்கு 50 லட்சம் வரை தருகிறது, ஆனால் அது இன்னொரு வாழ்க்கை. கதவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திறக்காது. தெரிந்துகொண்டு வெளியே வா என்றுதான் அவளிடம் சொல்வேன். ஆராய்ச்சியில் தோற்றவர்கள் போகும் இடம் இது என்று ஆய்வகத்தில் யாராவது சொன்னால், அதை மட்டும் கேட்காதே என்றும் சொல்வேன். அந்தப் பேச்சை நம்பி நான் இரண்டு வருடம் வீணாக்கினேன்.

நேற்று அவளே மறுபடி கூப்பிட்டாள். சனிக்கிழமை வருகிறாள், அமாவாசைச் சரக்கு இறங்கும் மூன்று நாளும் எங்கள் வீட்டில் தங்கப்போகிறாள். நனைந்தாலும் பரவாயில்லாத பழைய சுடிதார் இரண்டும் ஒரு துண்டும் எடுத்து வரச் சொன்னேன். சின்னம்மாவிடமும் சொல்லிவிட்டேன். “அந்தப் புள்ளைக்கும் மோந்து பாக்கச் சொல்லித் தரணுமா?” என்று கேட்டார்.